ஏழாவது வரி

மைக்கைத் தட்டாதீங்கப்பா, ஊதிப் பாருங்க, தட்டினா அதுக்குக் கோபம் வந்து நின்னுடும்னு இந்த மையத்துக்கு இயக்குநரா வந்த நாள்லேர்ந்து சொல்றேன், கேட்டாத்தானே. தட்டியாச்சு, நின்னாச்சு. இனி ஜெபசெல்வி மைக் இல்லாமத்தான் பேசணும், பேசட்டும், அவளுக்குக் குரல் இருக்கு, நாசரேத்துல சர்ச்சுல பாடிப் பாடி வளர்ந்த குரல். மணி பதினொண்ணு பத்து. முதல் வரிசைல நான். எனக்கு இடது கைப்பக்கம் அவளோட நெறியாளர் குலசேகரன், தாவரவியல்காரர், கோபமே வராத மனுஷன், கோபம் வர்ற எனக்குப் பக்கத்துலயே எப்பவும் உட்காருவார். மேடைல மேஜைக்குப் பின்னாடி வெளித்தேர்வாளர் அறவாழி, என்னோட எம்.ஏ. படிச்சவன், இப்ப வேற பல்கலைக்கழகத்துல வரலாற்றுத் துறைத் தலைவர், அதனால சபையில ‘அவர்’, மனசுக்குள்ள ‘அவன்’. பொது வாய்மொழித் தேர்வு. ஆறு வருஷம் அந்தப் பொண்ணு ஏரிச் சேத்துல எறங்கிப் படிச்ச படிப்புக்கு முனைவர் பட்டம் உண்டா இல்லையான்னு இன்னும் ஒன்றரை மணி நேரத்துல சொல்லிடுவாங்க. இல்லைன்னு இதுவரைக்கும் நான் பார்த்து யாரும் சொன்னதில்ல. அந்தத் தைரியத்துலதான் முடிவுக்கு முன்னாடியே லட்டு வந்து உட்கார்ந்திருக்கு, கடைசி வரிசைல, அவங்க அப்பா மடியில, மூணு பெட்டி. வாசல்ல என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டார். “மேடம், சாப்டாம போகக் கூடாது கேட்டியளா.” கேட்டேன் ஐயா. காலைல ரெண்டு இட்லியோட ஓடி வந்தவளுக்கு நெய் வாசனை இங்க வரைக்கும் வருது.

“பன்னிரண்டாம் நூற்றாண்டில் கீழ்மாந்தூர்ப் பெரிய ஏரி”ன்னு அவ ஆரம்பிச்சதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சிரிப்பு. எந்தப் பன்னிரண்டாம் நூற்றாண்டு? எங்க தாழ்வாரத்துல ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்கோம். எனக்கு அது ராஜாக்களோட ஆட்சியாண்டு, பதினேழாவது, இருபத்தாறாவது, கையொப்பம் போட்ட ஊர்ச் சபைக்காரங்க பேரு. தமிழ்த்துறைக்காரங்களுக்கு அது பாட்டு. சிற்பம் படிக்கிறவங்களுக்கு மூக்கு, மூக்கு எத்தனை கூர்மை, இடுப்பு எத்தனை வளைவு. குலசேகரனுக்கு? ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார், “உங்க நூறு வருஷம் என் குழாயில நாலு விரக்கடை மேடம்.” ஏரி நடுவுல ஒரு நீளக் குழாயை எறக்கி, சேறு கலையாம அப்படியே உருவி எடுத்து, ஒவ்வொரு விரக்கடையா, விரல் அகலத்துக்கு, அறுத்து, கழுவி, உருப்பெருக்கியில வச்சுப் பார்த்தா அன்னிக்குப் பூத்த பூவோட மகரந்தம் இருக்குமாம். முதல் தடவை கேட்டப்ப ஏதோ கதை விடறார்னு நினைச்சேன். அப்புறம் ஜெபசெல்விதான் கூப்பிட்டுக் காட்டினா, “மேடம், இங்க பாருங்க, இது ஆம்பல், எண்ணூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி பூத்தது.” குட்டியா, உருண்டையா, ஓரத்துல சின்ன முள் முள்ளா. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்த ஊர்ச் சபைல யார் யார் உட்கார்ந்தாங்கன்னு எனக்குத் தெரியும், முப்பத்திரண்டு பேர், பேர் சொல்லிக் கூப்பிடுவேன். ஆனா அவங்க கரையில நிக்கும்போது எதிர்ல ஆம்பல் இருந்துதா, அது எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் மூக்குல மகரந்தம் ஏறித் தும்மல் வந்திருக்குமோ? சபைல தீர்மானம் வாசிக்கும்போது ஒருத்தர் அச்சுன்னு தும்மினா, கல்லுல அடிக்கிறவன் அதையும் சேர்த்தா அடிப்பான்? நல்ல வேளை, அடிக்கல. இந்தப் படிப்புல இதுதான் ருசி, ஒருத்தர் வச்சிருக்கிறது இன்னொருத்தருக்குத் தெரியாது, எல்லாரையும் ஒரே தாழ்வாரத்துல போட்டா ஒண்ணு சண்டை வரும், இல்லாட்டி ஆம்பல் வரும். பீரோ ஒண்ணுதான், கீழ்த்தட்டுல கல்வெட்டுப் படி எடுக்கிற என் மைப்பொடி, மேல்தட்டுல மகரந்தம் ஒட்டின அவங்க கண்ணாடிச் சில்லு, போன மாசம்கூட என் மை கொட்டி ஒரு பெட்டி சில்லு வீணாப்போச்சு, குலசேகரன் கோபப்படலியே.

ஆனா ஒரு இடத்துல எனக்கும் அந்த ஆம்பலுக்கும் ஒத்துப்போகல. அது சபைல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதே காலம், அதே ஏரி, ‘இவ்வூர்ப் பேரேரி மண் மேலிட்டுப் பாழாய்க் கிடந்தமையில்’னு கோயில் அடித்தளத்துக் கல்லுல இருக்கு. படிச்சவ நான். தொண்ணூத்தாறுல. அதை வச்சுத்தான் அந்தப் பக்கம் பூரா பெரிய வறட்சி வந்ததுன்னு எழுதினேன், இன்னிக்கு அது பாடப் புத்தகத்துல இருக்கு, பரீட்சைல ரெண்டு மார்க் கேள்வி. கீழ்மாந்தூர் வறட்சின்னா மங்கையர்க்கரசி, மங்கையர்க்கரசின்னா கீழ்மாந்தூர் வறட்சி. ஜெபசெல்வியோட சேத்துல அந்த விரக்கடைகள்ல வறட்சியே காணோம், தண்ணி தளும்பத் தளும்ப ஆம்பலும் கோரையும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் அறைக்கு வந்து நின்னா. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன், “ஏரியோட ஒரு மூலைல மட்டும் தண்ணி நின்னிருக்கலாம்னு எழுதிட்டுப் போயேம்மா, யார் கேக்கப் போறாங்க.” அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா, “மூணு இடத்துல குழாய் எறக்கினேன் மேடம், மூணுலயும் ஆம்பல் இருக்கு.” எழுதல. ‘இம்முரண்பாட்டிற்கு விளக்கம் கிடைக்கவில்லை’ன்னு அஞ்சாவது இயலை முடிச்சிருக்கா. பிடிவாதக்காரி. எனக்கு அன்னிக்கு எரிச்சலா இருந்தது, அந்த எரிச்சலுக்கு நடுவுல, இவளை மாதிரி நாலு பேர் இருந்தா தேவலைன்னும் இருந்தது.

இப்ப படம் போடறா. ஏரி, கரை, மதகு. அடுத்து கோயில். “ஆய்வுப் பகுதியின் பாறை வகைகள்”னு கோயில் சுவரைக் காட்டறா, கல்வெட்டுக்காக இல்ல, கல்லுக்காக. எனக்குக் கொஞ்சம் சிரிப்பு, கல்வெட்டு இருக்கிற சுவரைக் காட்டி எழுத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம இருக்க இந்தப் பொண்ணாலதான் முடியும். என் சுவர் அது. நான் படிச்ச கல்லு ரெண்டும் அதோ, பக்கத்துல பக்கத்துல. அந்தக் கோயில்ல ஏழெட்டு வருஷம் முன்னாடி மணலைப் பீய்ச்சி அடிச்சுச் சுவரைச் சுத்தம் பண்ணாங்க, எழுத்து தேஞ்சுபோயிடும்னு நான் எல்லா ஆபீஸுக்கும் பெட்டிஷன் போட்டேன், யாரும் கேக்கல, அந்தக் கோபத்துல அப்புறம் அந்த ஊர்ப் பக்கமே நான் போகல. சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போயி சுவர் பளிச்சுன்னு இருக்கு. எனக்கே புதுசா இருக்கு. இடது கல் சாம்பல் நிறம். வலது கல் சிவப்பு. என்னது? சிவப்பா? திரையில தப்பா தெரியுதோ, இந்த புரொஜக்டர் எல்லாத்தையும் கொஞ்சம் சிவப்பாத்தான் காட்டும். இல்லியே, சுத்தி இருக்கிற கல்லெல்லாம் சாம்பலாத்தானே இருக்கு. அந்த ஒண்ணு மட்டும் செம்பருத்தி கழுவின தண்ணி மாதிரி ஒரு நிறம். சரி, இருக்கட்டும், ஒரே சுவருக்கு ரெண்டு குவாரிலேர்ந்து கல் எடுக்கக் கூடாதுன்னு சட்டமா? இருக்கட்டும், இருக்கட்டும். அவ அடுத்த படம் போட்டா. முழுச் சுவர். தென்மேற்கு மூலைல, தரையை ஒட்டி, இன்னொரு சிவப்புக் கல். அதே சிவப்பு. தலைகீழா. எழுத்து தலைகீழா நிக்குது. ரொம்பத் தூரத்துப் படம், எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாத்தான் தெரியுது, ஆனா வரி எண்ணலாம். கழுத்தைச் சாய்ச்சு எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. குலசேகரன் குனிஞ்சு, “கழுத்து வலியா மேடம்?”னார். ஆமாங்க, கழுத்து வலிதான், சும்மா இருங்க. நாலு, அஞ்சு, ஆறு. ஏழு.

ஏழு. ஐயோ. இடது கல்லுல ஆறு வரி. வலது கல்லுல ஏழு வரி. என் கட்டுரையில அடிக்குறிப்பு பதினொண்ணு: ‘வலப்பக்கக் கல்லில் காணப்படும் ஏழாவது வரி பிற்காலச் சேர்க்கையாதல் வேண்டும்.’ அதை எழுதினவ நான், மனப்பாடமா இருக்கு, பிற்காலச் சேர்க்கையாதல் வேண்டும், என்ன ஒரு மிடுக்கு, இருபத்தொன்பது வயசுக் கழுதைக்கு என்ன ஒரு மிடுக்கு. அந்த மத்தியானம் அப்படியே கண்ணுக்கு முன்னாடி வருது. மேகம் கருத்துக்கிட்டு வருது. கையில கடைசித் தாள் ஒண்ணே ஒண்ணு. நாலு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது ஏழரைக்கு. எழுத்து இருக்கிற இடத்துல மட்டும் சுண்ணாம்பைச் சுரண்டிட்டு, கம்பி பிரஷ்ஷால தேச்சு, தண்ணி அடிச்சு, நனைச்ச தாளை ஒட்டி, எழுத்துக் குழிக்குள்ள தாள் எறங்கற வரைக்கும் பிரஷ்ஷால அடி அடின்னு அடிச்சு, மைப் பந்தால ஒத்தி ஒத்தி எடுக்கணும், தாள் கறுப்பாகும், எழுத்து வெள்ளையா நிக்கும். ஒரு கல்லுக்கு ஒரு தாள்ங்கறது பாடம். எனக்குத் தாள் ஒண்ணு, கல்லு ரெண்டு, மழை தலைக்கு மேல. ரெண்டு கல்லுக்கும் சேர்த்து ஒரே தாளா ஒட்டினேன். அவ்வளவுதான். அங்கதான் ரெண்டும் ஒண்ணாச்சு. மைப்படியில கல்லோட நிறம் வராது, எல்லாக் கல்லும் கறுப்பு. மழையில நனையாமத் தாளை மார்போட அணைச்சுக்கிட்டு ஓடினேன் பாருங்க, என் பையனைக்கூட நான் அப்படித் தூக்கினதில்ல. அப்புறம் அறைல உட்கார்ந்து படிக்கும்போது நாலாவது வரில இடது கல்லுல ‘இவ்வூர்ப் பேரேரி’ முடிஞ்சு வலது கல்லுல ‘மண் மேலிட்டுப் பாழாய்க் கிடந்தமையில்’ ஆரம்பிச்சது, ஜோடிச் செருப்பு மாதிரி பொருந்திச்சு. மத்த வரிகள்? மத்த வரிகள் அரைகுறை. சிதைஞ்சிருக்குன்னு புள்ளி வச்சேன். கல்வெட்டு படிக்கிறவங்களுக்குப் புள்ளியை மாதிரி வரம் உண்டா, பொருந்தாத இடத்துல எல்லாம் நாலு புள்ளி வச்சா யார் வந்து என்ன கேக்கப் போறாங்க. திருப்பணியில கல்லையெல்லாம் பிரிச்சு மாத்தி மாத்தி அடுக்கிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் பசங்களுக்குச் சொல்றேனே, சுவரை நம்பாதீங்கன்னு. அந்தச் சிவப்புக் கல்லோட ஜோடி மூலைல தலைகீழாக் கிடக்கு. பேரேரிக்கும் பாழுக்கும் சம்பந்தமே இல்ல. ஏரி பாட்டுக்கு ஆம்பல் பூத்துக்கிட்டு இருந்திருக்கு. நான்தான் அதை வத்த வச்சேன்.

நிறத்துக்கு எனக்குச் சாக்கு இருக்கு. சுண்ணாம்பு மறைச்சது, பிசுக்கு மறைச்சது. ஏழாவது வரிக்கு என்ன சாக்கு? அந்த எழுத்து மேல இருக்கிற ஆறு வரியோட அதே கைதான், அதே உளி, அதே சாய்வு, எனக்கு அன்னிக்கே... தெரியுமா? அன்னிக்கே தெரியுமா எனக்கு? இல்ல, தெரியாது. தெரியாதுன்னா எதுக்கு அடிக்குறிப்பு? உறுத்தாத இடத்துல யாராவது அடிக்குறிப்பு போடுவாங்களா? வேண்டாம், இப்ப இதுக்குள்ள போகக் கூடாது. ஏசி தண்ணி சொட்டுது, யாராவது ஒரு வாளியை வைங்கப்பா. கை தட்டறாங்க. முடிச்சுட்டாளா? முடிச்சுட்டா. அவங்க அப்பா பெட்டியை அணைச்சுக்கிட்டே கை தட்டறார், ஒரு கையால பெட்டியில தட்டறார். இப்ப அறவாழி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுந்திருக்கறான். எனக்கு அவனைத் தெரியும், இந்த மாதிரி சபையில எல்லாரும் ‘அருமையான ஆய்வு’ன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு லட்டுக்கு எறங்கிடுவாங்க, அவன் எறங்க மாட்டான், படிச்சுட்டு வருவான். நல்ல மனுஷன், அதான் பயமா இருக்கு.

“அம்மா, உழைப்பு தெரியுது. ஆனா அஞ்சாவது இயல்ல விளக்கம் கிடைக்கலைன்னு விட்டுட்டீங்க. கல்வெட்டு ஏரி பாழ்ங்குது. உங்க சேறு ஏரி நிரம்பியிருந்ததுங்குது. ரெண்டும் உண்மையா இருக்க முடியுமா?” அவ, “முடியாது சார்”னா. “அப்ப எது தப்பு?” “தெரியல சார். என் சேறு தப்பா இருக்க வாய்ப்பு இருக்கான்னு மூணு தடவை காலக்கணிப்புக்கு அனுப்பினேன். மூணும் ஒண்ணாத்தான் வந்தது.” “மாடு எறங்கற ஏரி, மேல இருக்கிற சேறு கீழ போயிருக்கலாம், கீழ இருக்கிறது மேல வந்திருக்கலாம். இல்லைன்னு நிச்சயமாச் சொல்லுவீங்களா?”  நூத்துக்கு நூறு நிச்சயம்னு அவ எப்படிச் சொல்லுவா, அறிவியல் படிச்சவ, பொய் சொல்ல வராது. அறவாழி குரலை எறக்கி, அன்பாத்தான் சொன்னான், “கல்லு மாறாதும்மா. எண்ணூறு வருஷமா ஒரே எடத்துல இருக்கு. அதைப் படிச்சவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும், முன்வரிசைல இருக்காங்க. அதனால, மறுபடி சேறு எடுத்து, ஒரு வருஷத்துல திருத்திக் கொடுங்கன்னு எழுதலாம்னு இருக்கேன். இது தோல்வி இல்ல.” சபையில எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினாங்க, மரியாதையா. குலசேகரன் முதல் தடவையா நாற்காலில நிமிர்ந்தார். “சார், மறுபடி எடுக்க முடியாது. ஏரியைப் போன வருஷம் தூர் வாரியாச்சு. மண்ணு பூரா லாரில போயிடுச்சு. அந்த மூணு குழாய்தான் இருக்கு.” அறவாழி பேனாவை வச்சுட்டு உண்மையான வருத்தத்தோட, “அப்ப ரொம்பக் கஷ்டமாச்சே”ன்னான். ஜெபசெல்வி மேஜையோட ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டா. கடைசி வரிசைல அவங்க அப்பாவுக்கு ஒண்ணும் புரியல, பக்கத்துல இருக்கிறவர்கிட்ட ஏதோ கேக்கறார்.

நான் பேசலைன்னா ஒண்ணும் ஆகாது. எனக்கு ஒண்ணும் ஆகாது. சிவப்புக் கல்லை வேற யாரும் பார்க்கல, பார்த்தாலும் யாருக்கும் வரி எண்ணத் தோணாது, அடிக்குறிப்பு பதினொண்ணை உலகத்துல ரெண்டு பேர் படிச்சிருப்பாங்க, ஒண்ணு நான், இன்னொண்ணு அச்சுக்கோத்தவர். இன்னிக்கே பேசணும்னு என்ன? அடுத்த வாரம் நேர்ல போய்ப் பார்த்துட்டு, உறுதியாத் தெரிஞ்ச பிறகு, ஒரு கட்டுரையா எழுதி, ‘மீள்வாசிப்பு’ன்னு தலைப்பு போட்டு, மரியாதையா, என் தப்பை நானே கண்டுபிடிச்ச பெருமையோட... ஆஹா, அதுக்குள்ள பெருமை வேற. அதுக்குள்ள அந்தத் தாளுல அறவாழி கையெழுத்துப் போட்டுடுவான். போட்டா அவ ஆறு வருஷம் போச்சு, மூணு குழாயும் ‘கலப்படம் அடைந்த மாதிரி’ன்னு ஒரு வரில முடிஞ்சுபோகும், அப்புறம் நான் என்ன எழுதினாலும் யார் அதைப் பிரிச்சுப் பார்க்கப் போறாங்க. ஒருவேளை நான் இப்ப பார்த்ததே தப்பா இருந்தா? தலைகீழ்க் கல்லுல ஏழுன்னு எண்ணினது ஆறாவோ எட்டாவோ இருந்தா? ஒரு படத்தைப் பார்த்துட்டு இருபத்தேழு வருஷத்தைக் கலைக்கறதா? தண்ணி குடிச்சேன்.  பயமா இருக்குடி மங்கை, நல்லாப் பயமா இருக்கு, இந்த ஹால்ல உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு நான்தான் கல்வெட்டு சொல்லிக் கொடுத்தேன், அவங்க முகத்தை எப்படிப் பார்ப்பேன். சரி, பயம் ஒரு பக்கம். ஆனா இது என்ன, இந்தப் பயத்துக்கு அடியில வேற ஒண்ணு குறுகுறுங்குதே. அந்தத் தலைகீழ்க் கல்லுல என்ன எழுதியிருக்கும்? ஏழு வரி. என் கல்லோட சேர்த்துப் படிச்சா முழுசா ஒரு சேதி. கல்லைப் பிரிச்சுப் போட்ட நாள்லேர்ந்து ஒருத்தரும் சேர்த்துப் படிக்காத சேதி. நான் வாயைத் திறக்கலைன்னா அதை நானும் படிக்க முடியாது, மூலைல கிடக்கிற அந்தக் கல்லை என் வாழ்நாள் பூரா பார்க்காத மாதிரி நடக்கணும். அதைத்தான் என்னால தாங்க முடியாது போல. யோக்கியத்தனம்னு நினைச்சுக்காதீங்க, எனக்கு அது தெரிஞ்சாகணும்.

“சபையில யாருக்காவது கேள்வி இருக்கா?”ன்னு அறவாழி கேட்டான், வழக்கமாக் கேக்கறதுதான், வழக்கமா யாரும் கேக்கறதில்ல. நான் எழுந்துட்டேன்.  “கேள்வி இல்ல சார். அந்தக் கோயில் சுவர்ப் படத்துக்குத் திரும்பிப் போங்கம்மா ஜெபசெல்வி.” போனா. “அந்த ரெண்டு கல்லு, சாம்பல் ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. அதைச் சேர்த்துத்தான் நான் படிச்சேன். அடுத்த படம். மூலைல பாருங்க. சிவப்புக் கல்லோட ஜோடி அங்க தலைகீழா இருக்கு. ரெண்டுலயும் ஏழு வரி. என் இடது கல்லுல ஆறு வரிதான். அதுங்க ஒரே கல்வெட்டு இல்ல. நான் ஒரே தாள்ல படி எடுத்தேன், அதனால ஒண்ணாப் படிச்சேன். ஏரி பாழ்ன்னு எந்தக் கல்லும் சொல்லல. நான்தான் சொன்னேன். அவங்க சேறு சரி.” குரல் எனக்கே யாரோ பேசற மாதிரி கேட்டது. ஹால்ல ஏசி சொட்டற சத்தம். அறவாழி கண்ணாடியைக் கழட்டிட்டு, மறந்து போய், சபையில, “மங்கை, இதை அப்புறம் நிதானமாப் பேசிக்கலாமே”ன்னான். என்னைக் காப்பாத்தப் பார்க்கறான், பாவம். “அப்புறம்னா நீ அதுல கையெழுத்துப் போட்டுடுவ”ன்னேன். யாரோ சிரிச்சு அடக்கினாங்க. அறவாழி மறுபடி சபை மரியாதைக்கு வந்து, “நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?”ன்னான். “கல்லைப் போய்ப் பார்க்கணும். ஆனா ஏழாவது வரியை நான் வேணும்னே ஒதுக்கினேன், அது நிச்சயமாத் தெரியும்.” “அறிக்கைல எழுதவா?” “எழுதுங்க.” “என்னன்னு?” “எழுத்தைப் பார்த்தாங்க, கல்லைப் பார்க்கலைன்னு எழுதுங்க.” அவன் தாளைத் தன் பக்கம் இழுத்தான். அப்புறம் ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு பத்தியை மேலேர்ந்து கீழ வரைக்கும் கோடு போட்டு அடிச்சான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, என்னோட கீழ்மாந்தூர் போச்சு, என் இளவயசுல நான் பண்ணின ஒரே பெரிய காரியம் போச்சு, எல்லார் முன்னாடியும் மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்கறேன், வெக்கமா இருக்கு. உட்கார்ந்தேன். குலசேகரன் தன் தண்ணி பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வச்சார்.

ஜெபசெல்வி நன்றி சொல்லுவான்னு நினைச்சேன். அழுவான்னு நினைச்சேன். எழுந்து வந்து கையைப் பிடிச்சுக்குவாளோன்னுகூட ஒரு அசட்டு நினைப்பு வந்து போச்சு. அவ என்னைப் பார்க்கவே இல்ல. திரையையே பார்த்துக்கிட்டு, நெத்தியைச் சுருக்கிக்கிட்டு நிக்கறா. “மேடம்”னா. “அப்பப் பாழாக் கிடந்தது எது?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தேழு வருஷமா அந்த ஊரைப் பத்தி யார் எதைக் கேட்டாலும் நான் பட்டுன்னு பதில் சொல்லிடுவேன்.  தோட்டமா, தெருவா, கோயிலா, ஒரு ஊரே கிடந்துதா? மண் மேலிட்டு, எது மேல? “தெரியலம்மா”ன்னேன். நெசமாவே தெரியல. அவ கம்ப்யூட்டரை வயரோட இழுத்துத் தூக்கிக்கிட்டு மேடைலேர்ந்து எறங்கி வந்து என் மடியில வச்சா, பெரிய திரை நீலமாப் போச்சு, “பெருசாக்கிப் பார்ப்போமா மேடம், ரெண்டாவது வரி கொஞ்சம் தெரியும்னு நினைக்கேன்”னா. ரெண்டு பேரும் தலையைச் சாய்ச்சுக்கிட்டு அந்தத் தலைகீழ்க் கல்லைப் பார்த்தோம். “உட்காருங்கம்மா, பட்டம் தரலாம்னு நான் இன்னும் வாசிக்கவே இல்லியே”ன்னு அறவாழி மேடைலேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தான். இருப்பா, வாசிப்ப, என்ன அவசரம்.